வருடி சொல்வதெல்லாம் உண்மையா?

புற்றுநோய்ச் சிகிச்சைக் கதிர்வீச்சை அளக்கும் ஃபிலிமும், அதைப் படிக்கும்போது நேரும் பிழைகளும்

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ இருக்கும் ஸ்கேனரை நினைத்துப் பாருங்கள். தமிழில் அதை வருடி என்கிறோம். பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், தாத்தா காலத்துக் குடும்பப் படம் என்று எதை வைத்து மூடினாலும் சில நொடிகளில் கணினித் திரைக்கு வந்துவிடும். படம் அசலைவிடக் கொஞ்சம் வெளிறியிருந்தாலும், ஓரம் சற்று இருண்டிருந்தாலும் நாம் பொருட்படுத்துவதில்லை. எழுத்து தெரிந்தால் போதும். முகம் தெரிந்தால் போதும்.

இதே வகை வருடிக்குப் பல மருத்துவமனைகளில் இன்னொரு வேலையும் உண்டு. புற்றுநோயாளியின் உடலுக்குள் செலுத்தப்போகும் கதிர்வீச்சு, திட்டமிட்ட அளவில், திட்டமிட்ட இடத்தில் விழுகிறதா என்று முன்கூட்டியே சோதிக்கும் வேலை அது. அங்கே படத்தின் ஓரம் சற்று இருண்டிருந்தால், அந்த இடத்தில் கூடுதலாகக் கதிர்வீச்சு விழுந்ததாகவே கணக்கு சொல்லும். உண்மையில் இருண்டது ஃபிலிமா, வருடியா என்பது படத்தைப் பார்த்தால் தெரியாது.

மனிதக் கண்ணுக்காகச் செய்த ஒரு கருவியை அளவுகோலாக மாற்றுவது எப்படி? மருத்துவ இயற்பியலாளர்கள் பல ஆண்டுகளாக மல்லுக்கட்டும் கேள்வி இது.

ஏன் இன்னும் ஃபிலிம்?

கைத்தொலைபேசிகூட மின்னணுக் கேமராவாகிவிட்ட காலத்தில் ஃபிலிம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். காரணம் கதிர்க்கற்றையின் அகலம்.

மூளையில் உள்ள சிறு கட்டிகளுக்குத் தரப்படும் துல்லியக் கதிர்வீச்சுச் சிகிச்சையில் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள கற்றைகள் பயன்படுகின்றன. ‘காமா நைஃப்’ கருவியின் மிகச் சிறிய கற்றை 4 மில்லிமீட்டர். அத்தகைய கற்றையைப் பெரிய உணர்கருவியால் அளந்தால், கற்றை விழும் இடத்தையும் விழாத இடத்தையும் சேர்த்துச் சராசரி எடுத்து, உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பி இயந்திரத்தை அமைத்தால் நோயாளிக்குக் கூடுதல் கதிர்வீச்சு போய்ச்சேரும்.

இது வெறும் கற்பனை அச்சம் இல்லை. பிரான்சின் துலூஸ் நகரில் 2006 ஏப்ரல் முதல் 2007 ஏப்ரல் வரை இத்தகைய சிகிச்சை பெற்ற 145 நோயாளிகள் இப்படித்தான் பாதிக்கப்பட்டார்கள். குறுகிய கற்றைகளை அளக்கப் பொருத்தமில்லாத உணர்கருவியைக் கொண்டு இயந்திரத்தை அளவுத்திருத்தம் செய்திருந்தார்கள். இயந்திரத்தில் பழுதில்லை. அளந்த விதத்தில்தான் தவறு.

ஃபிலிமுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தாள் முழுவதும் உணர்கருவிதான். வழக்கமாகப் பயன்படுத்தும், அங்குலத்துக்கு 72 புள்ளிகள் என்ற அளவில் வருடினாலே ஒவ்வொரு புள்ளியும் சுமார் 0.35 மில்லிமீட்டர்தான். உடலைப் போன்ற அடர்த்தியுள்ள பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே ஃபிலிமை வைத்துக் கதிர்வீச்சைச் செலுத்தினால், எங்கே எவ்வளவு விழுந்தது என்பதன் முழு வரைபடமும் ஒரே தாளில் பதிவாகிவிடும்.

நிறம் சொல்லும் கணக்கு

முன்பு பயன்பட்ட வெள்ளி உப்பு ஃபிலிமுக்கு இருட்டறை வேண்டும். கழுவும் திரவத்தின் வெப்பநிலை மாறினால் அளவும் மாறிவிடும். எக்ஸ்ரே படங்கள் மின்னணு முறைக்கு மாறியதும் மருத்துவமனைகளின் இருட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த இடத்தைப் பிடித்தது கதிர்பட்டதும் தானே நிறம் மாறும் ஃபிலிம். ‘காஃப்குரோமிக்’ என்ற பெயரில் வரும் ஃபிலிம்கள் இவற்றில் பெயர்பெற்றவை. இவற்றின் ‘இபிடி’ வகை 2004இல் வந்தது. ‘இபிடி3’ 2011இல் வந்தது.

இபிடி3 ஃபிலிமின் உள்ளே இருப்பது எளிய ஏற்பாடுதான். சுமார் 0.03 மில்லிமீட்டர் தடிமனுள்ள வேதிப்படலம், இரண்டு பாலியெஸ்டர் தாள்களுக்கு நடுவே உறங்குகிறது. அதில் ஊசி போன்ற நுண்படிகங்கள் நிறைந்திருக்கின்றன. கதிர்வீச்சு பட்டதும் படிகத்தில் உள்ள மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகி, நீல நிறப் பாலிமராக மாறுகின்றன. ஃபிலிமில் ஏற்கெனவே மஞ்சள் சாயம் கலந்திருப்பதால் நம் கண்ணுக்கு அது பச்சையாகத் தெரியும். கதிர்வீச்சு கூடக் கூடப் பச்சை கறுத்துக்கொண்டே போகும். இருட்டறையோ கழுவலோ தேவையில்லை.

உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அளவை இனி ‘கதிரளவு’ என்று சுருக்கமாகச் சொல்வோம். அதன் அலகு கிரே. ஒரு கிலோ எடையுள்ள பொருள் ஒரு ஜூல் ஆற்றலை ஏற்றால் அது 1 கிரே. வழக்கமான புற்றுநோய்ச் சிகிச்சையில் நாளொன்றுக்குச் சுமார் 2 கிரே வீதம் பல வாரங்களுக்குக் கொடுப்பார்கள். துல்லியச் சிகிச்சையில் ஒரே அமர்வில் 20 கிரே அளவுக்கும் கொடுப்பதுண்டு. அங்கே அடுத்த நாள் திருத்திக்கொள்ள வாய்ப்பில்லை.

கதிர்வீச்சு அலகுகளுக்கும் அளவீடுகளுக்குமான அனைத்துலக ஆணையம், நோயாளிக்குப் போய்ச்சேரும் கதிரளவு திட்டமிட்டதிலிருந்து 5 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது என்று 1976இலேயே பரிந்துரைத்தது. அந்த 5 விழுக்காட்டுக்குள் இயந்திரம், கணினித் திட்டம், நோயாளி படுக்கும் நிலை எல்லாவற்றின் பிழையும் அடங்கவேண்டும். அளக்கும் கருவிக்கு மிஞ்சுவது மிகக் கொஞ்சம்.

சிறு பிழை பெருகும் விதம்

வருடி கதிரளவை நேரடியாகச் சொல்வதில்லை. ஃபிலிமைக் கடந்து எவ்வளவு ஒளி வந்தது என்று ஓர் எண்ணைத் தருகிறது. நீலப் பாலிமர் சிவப்பு ஒளியை விழுங்குவதால் சிவப்பு நிறப் பதிவையே முதலில் பார்ப்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கதிர்படுவதற்கு முன் வருடி காட்டிய எண் 40,000 என்றும், கதிர்பட்ட பின் 20,000 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். முன்னதைப் பின்னதால் வகுத்து மடக்கை எடுத்தால் 0.301 வரும். இதுதான் ஃபிலிமின் ‘ஒளி அடர்த்தி’. கதிரளவு தெரிந்த ஃபிலிம்களை வைத்து வரைந்த வளைகோட்டின் உதவியால் இந்த எண்ணைக் கிரேயாக மாற்றுவார்கள்.

இப்போது வருடி 2 விழுக்காடு தவறி, 20,000க்குப் பதில் 19,600 என்று காட்டினால்? ஒளி அடர்த்தி 0.310 ஆகிவிடும். பிழை ஏறத்தாழ 3 விழுக்காடு. இதையே குறைந்த கதிரளவில் செய்துபாருங்கள். 40,000 என்பது 36,000 ஆக மட்டும் குறைந்திருக்கிறது; வருடியின் தவறு அதே 2 விழுக்காடு. ஒளி அடர்த்தி 0.046 என வரவேண்டிய இடத்தில் 0.055 வரும். பிழை 19 விழுக்காடு!

உயர்ந்த கதிரளவிலும் நிம்மதி இல்லை. படிகங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே நிறம் மாறிவிட்டதால், மேலும் கதிர்வீச்சு விழுந்தாலும் ஃபிலிம் மெதுவாகவே கறுக்கும். நிறத்தில் சிறு வேறுபாடு, கதிரளவில் பெரிய வேறுபாடாகிவிடும். ஆகவே ‘வருடியின் பிழை 2 விழுக்காடுதானே’ என்று யாரும் ஆறுதல் கொள்ள முடியாது.

நடுவில் ஓர் எண், ஓரத்தில் ஓர் எண்

வருடியின் பிழைகளில் பெரியது இதுதான். ஒரே சீராகக் கதிர்பட்ட ஒரு ஃபிலிம் துண்டை வருடியின் நடுவில் வைத்துப் படியுங்கள். பிறகு அதையே பக்கவாட்டில் ஓரத்துக்கு நகர்த்திப் படியுங்கள். ஓரத்தில் அது கூடுதலாக இருண்டு தெரியும். நடுவிலிருந்து விலக விலக இந்த இருட்டு வளைகோடாகக் கூடும்.

வருடிக்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஏ3 தாளை வைக்கும் வருடியின் அகலம் சுமார் 30 சென்டிமீட்டர். ஒளியைப் பதிவுசெய்யும் உணர்பட்டையோ அதைவிட மிகவும் சிறியது. எனவே கண்ணாடிகளாலும் லென்ஸாலும் ஒளியை மடக்கிக் குவிக்கிறார்கள். நடுவிலிருந்து வரும் ஒளி நேராக வருகிறது. ஓரத்திலிருந்து வரும் ஒளி சாய்வாக வந்து, கண்ணாடிகளிலும் சாய்வாகவே பட்டுத் திரும்புகிறது.

இது மட்டும் என்றால் வெற்று ஃபிலிமைப் படித்துச் சரிசெய்துவிடலாம். சிக்கல் ஃபிலிமிலும் இருக்கிறது. அந்த ஊசிப் படிகங்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன; அதோடு ஒளியலை குறிப்பிட்ட ஒரு திசையில் அதிகம் அதிரும்படியும் செய்கின்றன. இதை இயற்பியலில் தளவிளைவு என்பார்கள். தளவிளைவு ஒளியை வடிகட்டும் குளிர்க்கண்ணாடி உங்களிடம் இருந்தால், அதை மடிக்கணினித் திரைக்கு முன் பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். ஒரு கோணத்தில் திரை பளிச்சென்று தெரியும்; இன்னொரு கோணத்தில் கறுத்துவிடும். வருடியின் உள்ளே இருக்கும் கண்ணாடிகளும், ஒளி சாய்வாகப் படும்போது, ஒரு திசை அதிர்வை நன்றாகவும் மற்றதைக் குறைவாகவும் திருப்பி அனுப்புகின்றன.

கதிர்வீச்சு கூடினால் பாலிமர் கூடும். பாலிமர் கூடினால் இந்த விளைவும் கூடும். ஆகவே இந்தப் பிழை இடத்தை மட்டும் பொறுத்ததன்று, கதிரளவையும் பொறுத்தது. குறைந்த கதிரளவில் ஓரிரு விழுக்காடாக இருப்பது, உயர்ந்த கதிரளவில் ஓரத்தில் 10 விழுக்காட்டையும் தாண்டக்கூடும். வெற்று ஃபிலிமைப் படித்துக் கழித்தால் இது மறையாமல் போவதற்கு இதுவே காரணம்.

தீர்வு என்ன? சிறிய ஃபிலிம் என்றால் எப்போதும் நடுக்கோட்டில், ஒரே இடத்தில் வைப்பது. அதற்காக வெட்டிய அட்டைச் சட்டத்தை வருடியில் பொருத்திக்கொண்டால் கை தவறாது. பெரிய ஃபிலிம் என்றால், பல கதிரளவுகளில் தயாரித்த துண்டுகளைப் பல இடங்களில் வைத்துப் படித்து, ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு கதிரளவுக்கும் திருத்த அட்டவணை தயாரிக்கவேண்டும். ஒரு வருடிக்குச் செய்த அட்டவணை இன்னொன்றுக்கு உதவாது.

திருப்பி வைத்தாலும் தவறு, வளைந்தாலும் தவறு

ஃபிலிம் தயாரிக்கும்போது வேதிப்படலத்தைத் தாளின்மீது ஒரு திசையில் பூசுவதால், ஊசிப் படிகங்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் பார்த்தபடி படிகின்றன. அதனால் ஃபிலிமை நீளவாக்கில் வைப்பதற்கும் குறுக்குவாக்கில் வைப்பதற்கும் வெவ்வேறு எண்கள் வரும். ஃபிலிமைச் சிறு துண்டுகளாக வெட்டும் முன், ஒவ்வொன்றின் மூலையிலும் திசையைக் குறித்துவைப்பது மருத்துவ இயற்பியலாளரின் முதல் பழக்கம். வெட்டிய பிறகு சதுரத் துண்டின் திசையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்தது வளைவு. தாள் போன்ற எந்தப் பொருளும் சற்று வளையும். ஃபிலிம் வருடியின் கண்ணாடியிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் எழும்பி நின்றாலே, கதிரளவில் 1 முதல் 4 விழுக்காடு வரை பிழை வரலாம். மேலே ஒரு தெளிந்த கண்ணாடித் தகட்டை வைத்து அழுத்துவது எளிய வழி. ஆனால் இரண்டு வழவழப்பான பரப்புகள் மிக நெருங்கும்போது, தண்ணீரில் மிதக்கும் எண்ணெயில் தெரிவதுபோன்ற வண்ண வளையங்கள் தோன்றும். நியூட்டன் வளையங்கள் எனப்படும் இவை படத்தில் போலி மேடுபள்ளங்களை உண்டாக்கும். இபிடி3 ஃபிலிமின் மேற்பரப்பில் நுண்ணிய சிலிக்கா துகள்களைச் சேர்த்தது இதைத் தடுக்கத்தான்.

வருடியின் விளக்கும் நிலையானதன்று. சுவிட்சைப் போட்டவுடன் அதன் ஒளி ஒரு மாதிரி இருக்கும். சூடேறியபின் வேறு மாதிரி இருக்கும். எனவே முதலில் கருவியைச் சூடேறவிட்டு, சில முறை வெறுமனே ஓடவிட்டு, தொடக்கப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, பிந்தியவற்றின் சராசரியை எடுப்பார்கள். அதற்காக ஒரே ஃபிலிமை மீண்டும் மீண்டும் படித்துக்கொண்டே இருக்கவும் கூடாது. ஃபிலிம் சூடானால் அதன் நிறமும் சற்று மாறும்.

இன்னொரு பொறி கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. ஒளி ஊடுருவும் முறையில் படிக்கும் வருடியில், ஒரு விளிம்பில் குறுகிய பட்டை ஒன்று காலியாக விடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் வருடி அதன் வழியே தன் விளக்கைச் சோதித்துக்கொள்கிறது. ஃபிலிமோ அட்டையோ அதை மறைத்தால், படம் முழுவதும் தவறான அடிப்படையில் பதிவாகும். ஒரு தூசி அங்கே விழுந்தாலும் நீளக் கோடாகப் படத்தில் தெரியும்.

அழகுபடுத்தும் மென்பொருள்

வருடியுடன் வரும் மென்பொருள் நம்மை மகிழ்விக்கவே எழுதப்பட்டது. வெளிறிய படத்தைப் பளிச்சென்று ஆக்கும், விளிம்பைக் கூர்மையாக்கும், தூசியை அழிக்கும். குடும்பப் படத்துக்கு இவை வரம். அளவீட்டுக்கு எல்லாமே எண்களைத் திருத்தி எழுதும் வேலைதான். ஆகவே தானியங்கித் திருத்தங்கள் அனைத்தையும் அணைத்துவிடவேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் 65,536 படிகள் கிடைக்கும் 48 பிட் முறையில் படிக்கவேண்டும். கோப்பைச் சுருக்கமில்லாத ‘டிஃப்’ வடிவில் சேமிக்கவேண்டும். ‘ஜேபெக்’ வடிவம் கோப்பைச் சிறிதாக்கக் கண்ணுக்குத் தெரியாத விவரங்களை வீசிவிடுகிறது. அளப்பவருக்கு வேண்டியவை அந்த விவரங்களே.

மென்பொருளைப் புதுப்பித்தபின் அமைப்புகள் தாமாகவே பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு. ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பொறுத்திருந்து படி

கதிர்வீச்சு நின்றவுடன் ஃபிலிமின் வேலை நின்றுவிடுவதில்லை. பாலிமர்ச் சங்கிலி தொடர்ந்து வளர்கிறது. நிறம் மெல்லக் கறுத்துக்கொண்டே இருக்கிறது. முதலில் வேகமாகவும் பிறகு மிக மெதுவாகவும் இது நடக்கும். தோராயமாகச் சொன்னால், 10 நிமிடத்திலிருந்து 100 நிமிடம் வரை கூடும் கறுப்பும், 100 நிமிடத்திலிருந்து 1,000 நிமிடம் வரை கூடும் கறுப்பும் ஏறத்தாழ ஒன்றே. அளவுத்திருத்த ஃபிலிமை மறுநாள் படித்துவிட்டு, நோயாளிக்கான ஃபிலிமை அரைமணி நேரத்தில் படித்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. பல இடங்களில் 24 மணி நேரம் காத்திருப்பது வழக்கமாக இருப்பதன் காரணம் இதுதான்.

ஆனால் மறுநாள் சிகிச்சை என்றால் காத்திருக்க நேரமேது? இதற்கு 2012இல் ஓர் எளிய வழி முன்வைக்கப்பட்டது. நோயாளியின் திட்டத்துக்கான ஃபிலிமோடு, சில நிமிட இடைவெளியில், தெரிந்த கதிரளவு கொடுத்த ஒரு துண்டையும், கதிர்படாத ஒரு துண்டையும் தயாரிக்கவேண்டும். மூன்றையும் அருகருகே வைத்து ஒரே முறையில் படிக்கவேண்டும். விளக்கு மங்கியிருந்தால் மூன்றுக்கும் மங்கியிருக்கும். கறுப்பு கூடியிருந்தால் கதிர்பட்ட இரண்டிலும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கூடியிருக்கும். தெரிந்த துண்டு தவறியதைக் கொண்டு தெரியாத துண்டைத் திருத்திவிடலாம். சந்தையில் தராசைச் சோதிக்க முத்திரையிட்ட எடைக்கல்லைக் கூடவே வைத்துக்கொள்வது போன்றது இது.

மூன்று நிறங்கள், மூன்று சாட்சிகள்

வருடி சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களிலும் பதிவுசெய்கிறது. சிவப்பு, குறைந்த கதிரளவை நுட்பமாகக் காட்டும். பச்சை, உயர்ந்த கதிரளவில் கைகொடுக்கும். நீலம் கதிரளவைப் பற்றி அதிகம் சொல்லாது. ஆனால் மஞ்சள் சாயத்தின் வழியாகப் படலத்தின் தடிமனைக் காட்டிக்கொடுக்கும்.

2011இல் வெளியான ஒரு முறை இதைப் பயன்படுத்திக்கொண்டது. ஓரிடத்தில் விழுந்த கதிரளவு ஒன்றுதான். அப்படியானால் மூன்று நிறங்களும் ஒரே விடையைத் தந்தாக வேண்டும். தராவிட்டால் இடையில் தடிமன் வேறுபாடோ வருடியின் குறையோ புகுந்திருக்கிறது. மூன்றையும் ஒத்துப்போகச் செய்யும் திருத்தத்தைக் கணினி ஒவ்வொரு புள்ளிக்கும் தேடுகிறது. மூன்று சாட்சிகளைத் தனித்தனியே விசாரித்து உண்மையைக் காண்பது போலத்தான். இதனால் பிழைகள் கணிசமாகக் குறைகின்றன. ஆனால் மூன்று சாட்சிகளும் சேர்ந்தே தவறினால், அதாவது ஃபிலிமையே திருப்பி வைத்துவிட்டால், எந்தக் கணக்கும் அதை முழுமையாக மீட்டுத் தராது.

தேர்ச்சி பெற்றால் போதுமா?

கடைசியில் ஃபிலிமின் வரைபடத்தையும் கணினித் திட்டத்தையும் ஒப்பிடுவார்கள். கதிரளவில் 3 விழுக்காடு, இடத்தில் 3 மில்லிமீட்டர் என்பது நெடுங்காலமாகப் புழங்கிவரும் ஒரு வரம்பு. துல்லியச் சிகிச்சைக்கு இன்னும் இறுக்கமான வரம்பு வைப்பார்கள். பெரும்பாலான புள்ளிகள் வரம்புக்குள் இருந்தால் திட்டம் ‘தேர்ச்சி’.

இங்கே வருடியின் பிழை இரண்டு விதமாக விளையாடும். சரியான திட்டத்தைத் தவறு என்று காட்டினால், சிகிச்சை தாமதமாகும். குழு மறுபடியும் அளக்கும். செலவும் அலைச்சலும் உண்டு, ஆபத்து குறைவு. தவறான திட்டத்தைச் சரி என்று காட்டினால்தான் பெரிய ஆபத்து. இயந்திரம் ஓரிடத்தில் 4 விழுக்காடு குறைத்துக் கொடுக்க, வருடி அங்கே 4 விழுக்காடு கூட்டிக் காட்டினால், திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும். யாரும் மறுபடி அளக்க மாட்டார்கள்.

எண்கள் ஒத்துவராதபோது, ஃபிலிமின் நடுப்புள்ளியைத் திட்டத்தின் நடுப்புள்ளிக்குச் சமமாக்கிவிட்டு மற்றவற்றை ஒப்பிடும் பழக்கமும் உண்டு. கதிர்வீச்சின் வடிவத்தைச் சோதிக்க இது உதவும். அளவைச் சோதிக்க உதவாது. வருடியின் பிழையோடு இயந்திரத்தின் பிழையும் அதில் மறைந்துவிடும். எதைச் சோதித்தோம், எதைச் சோதிக்கவில்லை என்று அறிக்கையில் எழுதிவைப்பது அதனால்தான் முக்கியம்.

உங்கள் குடும்பத்தில் யாருக்காவது கதிர்வீச்சுச் சிகிச்சை தேவைப்பட்டு, ‘திட்டம் தயார், ஆனால் சோதனை முடிய இன்னும் ஓரிரு நாள் ஆகும்’ என்று மருத்துவமனையில் சொன்னால் பொறுமை இழக்காதீர்கள். எந்தக் கருவியால், எப்படிச் சோதிக்கிறார்கள் என்று தாராளமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. அந்த இடைவெளியில் ஒருவர் ஃபிலிமின் மூலையில் திசையைக் குறித்து, கண்ணாடியைத் துடைத்து, விளக்கு சூடேறும்வரை காத்திருந்து, ஒரே தாளை ஐந்தாவது முறையாகப் படித்துக்கொண்டிருக்கலாம். நோயாளியின் உடலில் கதிர்வீச்சு படுவதற்கு முன் தவறைக் கண்டுபிடிக்க அவருக்குக் கிடைக்கும் நேரம் அது.